‘குறிப்பிடப்படாத’ என்றொரு குறியீடு

கைப்பேசியை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் எங்கள் தளத்துக்குள் நுழைய முடியும். மேசையில் பேனா கிடையாது, துண்டுத்தாள் கிடையாது, கணினியில் பென் டிரைவ் செருகும் துளைகள் கூட அடைக்கப்பட்டிருக்கும். இத்தனை காவலும் கடலுக்கு அப்பால் எங்கோ ஓர் ஊரில் மருத்துவரைப் பார்க்கச் சென்ற ஒரு முதியவரின் ரகசியத்துக்காக. அவரை மருத்துவர் பார்த்து எழுதிய குறிப்பு, அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டுக்குப் போவதற்கு முன்னால், சென்னையில் நுண்ணுயிரியலோ உயிர்வேதியியலோ படித்துவிட்டு மருத்துவக் கோடிங் தேர்வு எழுதிய ஒருவரின் திரைக்கு வருகிறது. அப்படி வருகிறவற்றைப் படித்து, அதில் உள்ள ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போடுவது என் வேலை. பதினொரு ஆண்டுகளாகச் செய்கிறேன். கடைசி ஏழு ஆண்டுகள் பெரும்பாலும் முதியோர் சார்ட்டுகள், அதாவது அவர்களின் மருத்துவக் குறிப்புகள்; ஆகவே பெரும்பாலும் டிமென்ஷியா என்னும் மறதிநோய்.

இங்கே நான் சொல்லும் உதாரணங்கள் எதுவும் எந்த ஒரு நோயாளியின் சார்ட்டும் அல்ல. பலவற்றில் பார்த்தவற்றைக் கலைத்து அடுக்கியவை.

முதலில் எங்கள் தொழிலின் ஒரு விசித்திரத்தைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்தும் ஐசிடி-10-சிஎம் என்னும் நோய்க்குறியீட்டுத் தொகுப்பில், ‘அல்சைமர்’ என்று மருத்துவர் ஒற்றைச் சொல் எழுதினால் நாங்கள் இரண்டு குறியீடுகள் போடுகிறோம். ஜி30.9 என்பது மூளையில் நடக்கும் நோய். எஃப்02.80 என்பது அந்த நோயால் விளைந்த டிமென்ஷியா. முன்னது நரம்பியல் அத்தியாயத்தைச் சேர்ந்தது, பின்னது மனநல அத்தியாயத்தைச் சேர்ந்தது. காரணம் முதலிலும் விளைவு இரண்டாவதாகவும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் அந்தக் காப்பீட்டுக் கோரிக்கை திரும்பி வரும். அகரவரிசைப் பட்டியலில் இரண்டாவது குறியீடு அடைப்புக்குள் அச்சிடப்பட்டிருக்கும். அந்த அடைப்பைப் பார்த்ததும் ‘இது தனியாக நிற்காது, முதலில் நிற்காது’ என்று புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் எனக்கு இத்தொழிலில் கற்பிக்கப்பட்ட முதல் பாடங்களில் ஒன்று.

உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10 நூலில் இதே உறவு சிலுவைக்குறி, நட்சத்திரக்குறி என்று காட்டப்படுகிறது. அதில் அல்சைமர் டிமென்ஷியாவுக்கு எஃப்00 என்று தனி வீடு உண்டு. அமெரிக்கப் பதிப்பு அந்த வீட்டையே கட்டவில்லை; அதன் வரிசை எஃப்01-இல் தொடங்குகிறது. அல்சைமரின் டிமென்ஷியா, ‘வேறிடத்தில் வகைப்படுத்தப்பட்ட நோய்களில் வரும் டிமென்ஷியா’ என்ற எஃப்02-இல், பார்க்கின்சன், ஹண்டிங்டன், எச்ஐவி எல்லாவற்றுடனும் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. மிகப் பெரும்பான்மையோருக்கு வரும் வகைக்குச் சொந்த முகவரி இல்லை என்பது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

ஒரு நோய் மூளைக்குரியதா மனத்துக்குரியதா என்ற வழக்கு இந்தக் குறியீடுகளைவிடப் பழையது. 1901-இல் ஃபிராங்ஃபர்ட் மனநல விடுதியில் ஆகுஸ்தே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அலோய்ஸ் அல்சைமர் சந்தித்தபோது, அவர் சேர்க்கப்பட்டிருந்தது மனநோயாளியாகத்தான். 1906-இல் அவர் இறந்த பிறகு அவரது மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் அல்சைமர் உரையாற்றினார். 1910-இல் எமில் கிரெப்பலின் தம் பாடநூலில் அந்த நோய்க்கு அவருடைய பெயரைச் சூட்டினார். 51 வயது என்பதால், மருத்துவர் ‘இளம் வயதில் தொடங்கிய’ என்று எழுதிக் கொடுத்திருந்தால், இன்றைய கணக்கில் ஆகுஸ்தேவின் குறியீடு ஜி30.0. மருத்துவர் அதை எழுதவில்லையென்றால், பிறந்த தேதி திரையின் மேல் மூலையில் பளிச்சென்று தெரிந்தாலும் நான் ஜி30.9 தான் போட வேண்டும். நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் வழக்கு தீரவில்லை என்பதற்கு, உலக சுகாதார நிறுவனத்தின் அடுத்த பதிப்பான ஐசிடி-11 தயாரானபோது டிமென்ஷியாவை நரம்பியல் அத்தியாயத்தில் வைப்பதா மனநல அத்தியாயத்தில் வைப்பதா என்று நடந்த இழுபறியே சாட்சி. கடைசியில் 6டி80 முதலான எண்களோடு மனநல அத்தியாயத்திலேயே அமர்ந்தது.

மேலே ‘மருத்துவர் எழுதினால்’ என்று இரண்டு மூன்று முறை சொல்லிவிட்டேன். எங்கள் வேலையின் அச்சாணி அதுதான். எழுதப்படாத ஒன்று நடக்காத ஒன்று என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். மருந்துப் பட்டியலில் டிமென்ஷியாவுக்குத் தரும் டோனெபெசில் இருக்கும், மெமன்டின் இருக்கும். மகள் உடன் வந்ததாகவும், அம்மா அடுப்பை அணைக்க மறந்துவிடுவதாகவும், சென்ற மாதம் சொந்தத் தெருவிலேயே வழி தவறியதாகவும் குறிப்பு இருக்கும். நோயறிதல் என்ற தலைப்பின் கீழ் மட்டும் ‘நினைவிழப்பு’ என்று ஒரு சொல் இருக்கும். அப்படியானால் அது ஆர்41.3. அறிகுறிக்கு உரிய குறியீடு, நோய்க்கு உரியது அல்ல. பத்து ஆண்டு அனுபவம் உள்ள கோடருக்கு அந்த அம்மாவுக்கு என்ன என்று தெரியும். தெரிந்ததைப் போட்டால் அது தவறு. தணிக்கையில் எரர் என்று பதிவாகும். தொடர்ந்து செய்தால் அது மோசடி என்று சட்டம் சொல்லும்.

எனக்கும் அப்படி ஓர் எரர் விழுந்தது. சேர்ந்து இரண்டாம் ஆண்டு. ‘பார்க்கின்சனிசத்துடன் கூடிய டிமென்ஷியா’ என்று மருத்துவர் எழுதியிருந்தார். பார்க்கின்சன் நோய் என்று படித்து, அன்று இருந்த ஜி20 குறியீட்டையும் எஃப்02.80-ஐயும் போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் தணிக்கையாளர் என் இருக்கைக்கு வந்து, கோபப்படாமல், ‘கடைசி மூன்று எழுத்தையும் படிச்சீங்களாம்மா?’ என்று கேட்டார். பார்க்கின்சனிசம் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. நடுக்கம், விறைப்பு, மெதுவான அசைவு ஆகியவற்றின் கூட்டு. அந்தக் கூட்டுடன் டிமென்ஷியா என்றால் அகரவரிசை நம்மை ஜி31.83-க்கு, அதாவது லூயி பாடி எனப்படும் டிமென்ஷியா வகைக்கு அனுப்புகிறது. ‘இசம்’ என்ற மூன்றெழுத்தால் நோயே மாறிவிட்டது.

பின்னாளில் அதன் மருத்துவக் காரணத்தைப் படித்தேன். இரண்டிலும் மூளையில் படிவது ஒரே வகைப் புரதம்தான். உடலசைவுக் கோளாறு தொடங்கி ஓராண்டோ அதற்கு மேலோ கழித்து மறதி வந்தால் அதைப் பார்க்கின்சன் நோயின் டிமென்ஷியா என்கிறார்கள். மறதி முந்திக்கொண்டால், அல்லது இரண்டும் அந்த ஓராண்டுக்குள் வந்துவிட்டால், லூயி பாடி டிமென்ஷியா என்கிறார்கள். நாள்காட்டியை வைத்துப் போட்ட கோடு அது. குறியீட்டுப் புத்தகம் அந்தக் கோட்டை அறியாது. மருத்துவர் எந்தப் பக்கம் நின்று எழுதினார் என்பதை மட்டுமே அறியும். 2023 அக்டோபரில் ஜி20 ஐந்தாகப் பிரிந்ததால் இப்போது பார்க்கின்சன் நோய்க்கே கட்டுப்பாடற்ற அசைவுகள் உண்டா, மருந்தின் வீரியம் ஏறி இறங்குகிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் போட முடிகிறது.

ஊகிக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லும் அதே விதிநூல், சில இடங்களில் தானே ஊகித்துக்கொள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ‘உடன்’ என்ற சொல்லின் கீழ் அகரவரிசையில் இரண்டு நோய்கள் இணைக்கப்பட்டிருந்தால், மருத்துவர் அவற்றைத் தொடர்பே இல்லாமல் தனித்தனி வரிகளில் எழுதியிருந்தாலும், ‘தொடர்பில்லை’ என்று அவர் தெளிவாகச் சொல்லாதவரை, ஒன்றால் மற்றொன்று வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பார்க்கின்சன் நோயும் டிமென்ஷியாவும் அப்படிப்பட்ட இணை. ஆனால் சிடி ஸ்கேன் அறிக்கையில் ‘சிறு இரத்தக்குழாய்களில் இரத்தவோட்டக் குறைவின் அடையாளங்கள்’ என்று இருக்கிறது, குறிப்பில் டிமென்ஷியா இருக்கிறது என்பதற்காக நாமாக எஃப்01, அதாவது வாஸ்குலர் டிமென்ஷியா, போட்டுவிட முடியாது. முன்னதில் புத்தகம் பொறுப்பேற்கிறது. பின்னதில் யாரும் பொறுப்பேற்கவில்லை. புதியவர்களுக்கு இந்த வேறுபாட்டைப் புரியவைக்க எனக்கு அரைநாள் ஆகும். அவர்கள் கேட்கும் ‘ஏன்?’ என்பதற்கு என்னிடம் உள்ள விடை, ‘புத்தகத்தில் அப்படி இருக்கிறது’ என்பதைத் தாண்டிப் போவதில்லை.

முதுமையால் வந்தது என்று பொருள்படும் ‘சினைல்’ என்ற சொல் இன்னொரு கண்ணி. ‘சினிலிட்டி’ என்று மட்டும் இருந்தால் ஆர்41.81, வயதின் காரணமான அறிவாற்றல் தேய்வு, நோயே அல்ல. ‘சினைல் டிமென்ஷியா’ என்று இருந்தால் எஃப்03.90, வகை குறிப்பிடப்படாத டிமென்ஷியா. ‘மூளையின் சினைல் சிதைவு’ என்று இருந்தால் ஜி31.1. ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்ற ஒரே எண்ணத்தை மூன்று மருத்துவர்கள் மூன்று விதமாக எழுதினால், அந்த மூன்று முதியவர்களும் ஒரு நாட்டின் புள்ளிவிவரத்தில் மூன்று வேறு வரிசைகளில் போய் நிற்பார்கள்.

2022 அக்டோபர் 1-ஐ எங்கள் தளத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். அதுவரை எஃப்01, எஃப்02, எஃப்03 ஆகிய மூன்று பிரிவுகளிலும் சேர்த்து எங்களுக்கு இருந்தவை மொத்தம் 6 குறியீடுகள்: ஒவ்வொன்றிலும் நடத்தைக் கோளாறு இல்லாதது ஒன்று, உள்ளது ஒன்று. அன்று முதல் அவை 72 ஆயின. தீவிரம் என்ற புதிய அச்சு வந்தது: லேசானதற்கு ஏ, நடுத்தரத்துக்கு பி, கடுமையானதற்கு சி, சொல்லப்படாததற்கு பழைய எண்களே. நடத்தை என்ற பழைய ஒற்றைப் பெட்டி உடைந்து கிளர்ச்சி, பிற நடத்தைக் கோளாறு, மனப்பிறழ்வு, மனநிலைக் கோளாறு, பதற்றம் என்று ஐந்தானது. இரண்டு வாரம் சுவரெங்கும் அட்டவணைகள் தொங்கின. நான்கு தீவிர நிலை, ஆறு நடத்தை நிலை, மூன்று பிரிவு என்று பெருக்கிப் பார்த்தால் வரிசை ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று நான் சொன்னபோது பக்கத்து இருக்கைத் தோழி, ‘ஒழுங்கா இருக்கறது புத்தகம். நோட்ஸை எழுதறது டாக்டரில்ல?’ என்றார்.

ஆயினும் அந்த ஐந்து பெட்டிகளின் உள்ளே அச்சிட்டிருந்ததை முதன்முறை படித்தபோது, இதை எழுதியவர்கள் இந்த நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. கிளர்ச்சி என்பதன் கீழ்: அமைதியின்மை, முன்னும் பின்னும் ஆடுதல், ஓயாத நடை, வாசலைத் தேடிப் போதல், வசைச்சொல், கத்தல், அடித்தல். பிற என்பதன் கீழ்: தூக்கக் கெடுதல், கூச்சம் அற்றுப்போதல். மனப்பிறழ்வின் கீழ்: இல்லாததைக் காணுதல், சந்தேகம். மனநிலையின் கீழ்: சோர்வு, எதிலும் பற்றின்மை. வீட்டைவிட்டு வெளியேறி அலைவதற்குத் தனியாக இசட்91.83 என்ற கூடுதல் எண். அந்தி சாய்ந்ததும் குழம்பிக் கலங்கும் நிலையை இவற்றுள் தேடினால் கிடைக்காது. அது எஃப்05-இல், டெலிரியம் என்னும் திடீர்க் குழப்பநிலையின் கீழ் இருக்கிறது. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று சொந்த வீட்டிலேயே பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பெரியவரைப் பார்த்த யாருக்கும் அது டிமென்ஷியாவின் பகுதியாகத்தான் தெரியும். புத்தகம் அதை வேறு அலமாரியில் வைத்திருக்கிறது.

தீவிர நிலைதான் எங்களை அதிகம் வதைத்தது. மருத்துவரின் மதிப்பீட்டில் மட்டுமே அதைப் போட வேண்டும் என்று வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. நினைவையும் அறிவாற்றலையும் சோதிக்கும் எம்எம்எஸ்இ தேர்வில் 30-க்கு 9 என்று குறிப்பில் இருக்கும். தனக்குத்தானே உடுத்த முடியாது, மகனை அடையாளம் தெரியவில்லை என்று இருக்கும். ‘கடுமையான’ என்ற பெயரடை மட்டும் இருக்காது. மதிப்பெண்ணைத் தீவிரமாக மொழிபெயர்க்கும் உரிமை கோடருக்கு இல்லை; ஆகவே அது ‘தீவிரம் குறிப்பிடப்படாதது’ என்றே போகும். மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கும்போதே நிலை மோசமானால், அந்தத் தங்கலில் எழுதப்பட்ட மிக உயர்ந்த தீவிரத்துக்கு ஒரே ஒரு குறியீடு. இது தெளிவான விதி. இதில் எனக்குச் சண்டை இல்லை.

பணம் இதில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களுக்கு அரசு தரும் தொகை, உறுப்பினரின் நோய்ச்சுமையைப் பொறுத்து மாறும். அந்தக் கணக்கிலிருந்து சில ஆண்டுகள் டிமென்ஷியா நீக்கப்பட்டிருந்தது. 2020-இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2024 முதல் படிப்படியாக வந்த புதிய கணக்குமுறையில் அதற்கு 125, 126, 127 என மூன்று பிரிவுகள்: கடுமையானது, நடுத்தரமானது, லேசானது அல்லது குறிப்பிடப்படாதது. வேடிக்கை என்னவென்றால் மூன்றுக்கும் வைத்திருக்கும் எடை ஒன்றே. தீவிரத்தை எழுதினாலும் எழுதாவிட்டாலும் பணம் மாறாது. ஆனால் ‘நினைவிழப்பு’ என்பதற்கும் ‘டிமென்ஷியா’ என்பதற்கும் நடுவே பணம் உண்டு. இந்த விளிம்பில்தான் கோடரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. அந்த அம்மாவின் மருந்துப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஆர்41.3-இல் நிற்பது சோம்பல் அல்ல என்பதை நான் புரிந்துகொள்ள நான்கைந்து ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்னால், ‘குறிப்பிடப்படாத’ என்று முடியும் ஒவ்வொரு குறியீட்டையும் என் தோல்வியாகவே எண்ணி வந்தேன். கூட்டங்களில் அப்படித்தான் சொல்வார்கள், துல்லியம் துல்லியம் என்று.

துல்லியத்துக்கு நியாயமான தேவையும் உண்டு. 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெகானெமாப் என்ற மருந்து, அல்சைமரின் தொடக்க நிலையினருக்கு மட்டுமே உரியது. அதாவது லேசான அறிவாற்றல் குறைபாடு அல்லது லேசான டிமென்ஷியா. அங்கே ‘ஏ’ என்ற ஓர் எழுத்து வெறும் அலங்காரம் அல்ல. லேசான குறைபாட்டிலும் காரணம் தெரியாததற்கு ஜி31.84, அல்சைமரால் என்று தெரிந்தால் ஜி30 முதலிலும் எஃப்06.70 அடுத்தும். இதுவும் அதே 2022 அக்டோபரில் வந்த மாற்றம்தான். இன்றும் பழைய பழக்கத்தில் பலர் ஜி31.84-ஐயே போடுகிறார்கள்.

மருத்துவர் எழுதியதில் ஐயம் இருந்தால் எங்களுக்கு ஒரு வழி உண்டு: குவெரி. மருத்துவருக்கு ஒரு கேள்வி அனுப்பலாம். ஆனால் அந்தக் கேள்வி விடையைத் தன் வயிற்றில் சுமந்துகொண்டு போகக் கூடாது. ‘இவருக்கு அல்சைமர்தானே?’ என்று கேட்பது குற்றம். குறிப்பில் இருக்கும் அடையாளங்களை, தேதியோடு, அப்படியே எடுத்து அடுக்கி, ‘இவற்றுக்கு உரிய நோயறிதல் ஏதேனும் இருந்தால் தெரிவிக்கவும்’ என்று கேட்க வேண்டும். நோயின் பெயரை முதலில் உச்சரிக்கும் உரிமை மருத்துவருடையது. ஒரு நல்ல குவெரி எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். என் தொழிலில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

அந்தப் பழக்கம் எங்கள் ஆச்சி விஷயத்தில் எனக்குக் கை கொடுத்தது.

ஆச்சி அம்பாசமுத்திரம் பக்கத்தில் அப்பாவோடு இருக்கிறார்கள். சென்ற ஆண்டு தை மாதம் கீழே விழுந்து ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தபோது, டிஸ்சார்ஜ் தாளில் இடுப்புக் காயத்துக்கு ஒன்றரைப் பக்கமும், கடைசியில் ‘சினைல் டிமென்ஷியா’ என்று இரண்டு சொல்லும் இருந்தன. இரவில் கத்துகிறார்கள் என்பதற்காக ஒரு மாத்திரையும் எழுதப்பட்டிருந்தது: மனப்பிறழ்வுக்குத் தரும் ஹாலோபெரிடால். இந்தியாவில் மருத்துவப் பதிவுத் துறைகள் உலக சுகாதார நிறுவனத்தின் பதிப்பையே பின்பற்றுவதால், அந்த இரண்டு சொல்லுக்கு அங்கே எஃப்03 போட்டிருப்பார்கள். போட்டிருந்தால். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்ற மதிப்பீடு மருத்துவமனைக் குறியீடுகளிலிருந்து வந்தது அல்ல. வீடு வீடாகப் போய் முதியவர்களைச் சோதித்த ஆய்விலிருந்து வந்தது.

மாத்திரை தொடங்கிய ஒரு வாரத்தில் ஆச்சி கட்டையாக விறைத்துப் போனார்கள். ஒரு வாய்க் கஞ்சி விழுங்க அரைமணி நேரம். அப்பா தொலைபேசியில், ‘நீ தினமும் இதத்தானம்மா பாக்க? ஆச்சிக்கு என்னன்னு நீயே சொல்லேன்’ என்றார்கள்.

எனக்குள் ஒரு பெயர் இருந்தது. பல நாளாக இருந்தது. முற்றத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகள் நிற்பதாக ஆச்சி சொல்வதும், ‘அதுகளுக்குத் தண்ணி குடுத்தியா?’ என்று அம்மாவைக் கேட்பதும், இரண்டு வருடமாக நடக்கிறது. பயந்து சொல்வதில்லை, விருந்தாளியைச் சொல்வதுபோல் சொல்வார்கள். ஒரு நாள் சீட்டுக் கணக்கை மனத்திலேயே போட்டு அம்மாவைத் திருத்துவார்கள். மறுநாள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அதற்கும் முன்பே தூக்கத்தில் கைகாலை வீசி யாருடனோ சண்டையிடுவார்கள். தாத்தா இருந்த காலத்திலேயே ஆச்சி பக்கத்தில் படுக்கப் பயப்படுவார்களாம். லூயி பாடி வகையினருக்கு இந்த மாதிரி மாத்திரைகள் கடுமையான எதிர்விளைவைத் தரக்கூடும் என்பதையும் நான் எத்தனையோ சார்ட்டுகளில் ஒவ்வாமைப் பட்டியலில் பார்த்திருக்கிறேன்.

‘நான் சொல்லக் கூடாதுப்பா. மாத்திரை குடுத்த டாக்டர்ட்ட இப்பவே போன் பண்ணி, வெறச்சுப் போயிட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் ஒண்ணு எழுதி அனுப்புறேன், நரம்பு டாக்டர்ட்டக் காட்டுங்க’ என்றேன். அன்றிரவு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். எந்த ஆண்டு எது தொடங்கியது. கனவில் கைகால் வீசுவது எப்போதிலிருந்து. பிள்ளைகள் தெரிவது வாரத்தில் எத்தனை நாள். தெளிவான நாள் எப்படி, மங்கிய நாள் எப்படி. நடை எப்போது மாறியது, மறதி எப்போது தெரிந்தது, இரண்டில் எது முதலில். எந்தத் தேதியில் எந்த மாத்திரை, எத்தனை நாள் கழித்து என்ன ஆயிற்று. நோயின் பெயர் ஒன்றுகூட இல்லை. கடைசி வரியாக, ‘இவற்றுக்குத் தாங்கள் கருதும் நோயறிதலை எழுத்தில் தர வேண்டுகிறோம்’ என்று எழுதினேன். தமிழில் நான் எழுதிய ஒரே குவெரி அதுதான்.

திருநெல்வேலியில் நரம்பியல் மருத்துவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்ததாக அப்பா சொன்னார்கள். விழுந்தது பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். கனவைப் பற்றியே நிறையக் கேட்டாராம். ஆச்சியின் மணிக்கட்டைப் பிடித்து மெல்லச் சுழற்றிப் பார்த்துவிட்டு, அந்த மாத்திரை இனி வாழ்நாளில் வேண்டாம் என்று சீட்டின் தலைப்பிலேயே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் ஆச்சி மறுபடி தாமாகக் கரண்டியைப் பிடித்தார்கள்.

அப்பா சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். நோயறிதல் என்ற இடத்தில், ‘டிமென்ஷியா, காட்சி மாயங்களுடன். லூயி பாடி வகையாக இருக்கலாம். மூன்று மாதம் கழித்துப் பார்க்க வேண்டும்’ என்று இருந்தது.

‘இருக்கலாம்.’ அமெரிக்க விதிப்படி, உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பில் ‘இருக்கலாம்’ என்று இருந்தால் அது உறுதியானதாகவே எடுத்துக்கொள்ளப்படும். புறநோயாளிச் சீட்டில் அதே சொல் இருந்தால் அதைக் குறியீடாக்கவே கூடாது, உறுதியாகத் தெரிந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆச்சி புறநோயாளி. ஜி31.83 போட முடியாது. மனம் தானாகவே வரிசையைத் தேடியது: வகை குறிப்பிடப்படாத டிமென்ஷியா, மனப்பிறழ்வுக் கோளாறுடன். எஃப்03.92. தீவிரத்தை அவர் எழுதவில்லை. ஆகவே ஏ, பி, சி எதுவும் இல்லை.

‘என்னம்மா, நம்பர் போட்டுப் பாத்தியா?’ என்று அப்பா மறுநாள் கேட்டார்கள்.

‘போட்டேன்ப்பா. குறிப்பிடப்படாததுன்னு வருது.’

‘அந்த டாக்டர்தான் தெளிவா எழுதிருக்காரே?’

‘தெளிவாத்தான் எழுதிருக்காரு’ என்றேன்.